ஞாயிற்றுக்கிழமைக் கிணறு

அநியாயம் நடந்தது எனக்கு. நடத்தியது நீங்கள். ஒரு வருடமாக நான் பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டத்தை நேற்று சாயங்காலம் போனில் 'கிடையாது' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு காப்பி கொடுங்கள். சொல்லாமல் குடித்தால் எனக்குத் தொண்டைக்குள் இறங்காது.

தங்கபுஷ்பம் என்பது நீங்கள்தானே? நல்லது. என் பெயர் எப்சிபா. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் நிலவியல், முதுகலை இரண்டாம் ஆண்டு. திசையன்விளை வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து உங்கள் செவல்விளைக்கு ஒரு பஸ். இரண்டிலும் நின்றுகொண்டேதான் வந்தேன். கோபமாக இருக்கும்போது இடம் கிடைத்தாலும் எனக்கு உட்கார வராது. உங்களைச் சித்தி என்று கூப்பிடலாமா, அக்கா என்றா? அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். சித்தியோடு சண்டை போட எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

என்ன, கையை ஆட்டுகிறீர்கள்? மெதுவாகப் பேசவா? நியாயத்தை எதற்கு அக்கா மெதுவாகப் பேச வேண்டும்? உங்கள் முருங்கைத் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தத்தைவிடவா நான் சத்தம் போடுகிறேன்? இருங்கள், முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்களுக்கும் பேச இடம் தருவேன். ஜனநாயகத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு.

போன கார்த்திகையில், நல்ல அடை மழைக்காலத்தில், உங்கள் கிணற்றை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். விடுதி மெஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். குளம் நிறைந்து மறுகால் வெள்ளம் வாய்க்காலில் வருகிறது, உங்கள் கிணற்றுக்குள் விழுகிறது, விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது. கிணறு நிறையவில்லை. வாரக்கணக்கில் விழுந்தும் நிறையவில்லை. எந்தக் கிணறாவது ஒரு குளத்தைக் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்குமா? எனக்குக் கையில் இருந்த தோசை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் சுடலைமணி இருந்தான். என் வகுப்பு. "லே, இதுக்குள்ள போகணும்லே," என்றேன். அவன் என் தட்டிலிருந்து தோசையை எடுத்துக்கொண்டு, "போனா திரும்பி வரணும்லா," என்றான். அவனுக்கு எப்போதும் பாதி விஷயம்தான் கண்ணில் படும்.

உங்கள் கிணற்றைப் பற்றி உங்களுக்கே பாடம் எடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் எடுக்கத்தான் போகிறேன். உங்கள் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் பட்டால் கரைகிற பாறை. ஒரு நாளில் இல்லை, நமக்கெல்லாம் ஊரும் பேரும் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னாலிருந்து கரைத்துக் கரைத்து, தண்ணீர் உள்ளே அறை அறையாகக் குடைந்து வைத்திருக்கிறது. இப்போது நாம் பேசிக்கொண்டிருக்கிற இந்தத் தாழ்வாரத்துக்குக் கீழேகூட ஒரு அறை இருக்கலாம். பயப்படாதீர்கள், இடியாது. இடிந்தாலும் மெதுவாகத்தான் இடியும். இங்கே பூசணிக்காயைக் கிணற்றில் போட்டால் கடலில் போய் மிதக்கும் என்று உங்கள் ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். போட்டது யார், கடலில் எடுத்தது யார் என்று கேட்டேன். ஆளாளுக்கு அடுத்த வீட்டைக் காட்டினார்கள். அதனால்தான் சொல்கிறேன், யாராவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அந்த யாராவது நான்.

முதலில் எங்கள் பேராசிரியர், வேலாயுதம் சார். நல்ல மனிதர், ஆனால் பேச்சு என்றால் பயம். பாறையோடே இருந்து பாறை மாதிரி ஆகிவிட்டார். திட்டத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. சுடலைமணி உள்ள போகட்டும். பெண்பிள்ளைங்க மேல நின்னு குறிப்பெடுத்துக்கிடுங்க," என்றார். பார்த்தீர்களா? திட்டம் என்னுடையது. பாறையை அடையாளம் கண்டவள் நான். சுடலைமணி அந்த நேரத்தில் என் தோசையைத் தின்றுகொண்டிருந்தவன். மேலே நின்று குறிப்பெடுக்க நான் என்ன கிணற்றடிக் கல்லா? அன்றைக்கு அவர் அறையில் உட்கார்ந்தேன். அவர் டீ ஆறியது. அவருக்கு வகுப்பு வந்தது, போனது. அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாள் நான் கதவருகில் வரும்போதே, "போம்மா, போ. உள்ளயே போ," என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

அம்மா ஒன்று சொன்னார். "கெணத்துல விழுந்தவங்களத் தூக்கத்தான் ஆளு இறங்குவாங்க. நீ எதுக்கு வெட்டியா இறங்குத?" அதற்குத் தனியாக ஒரு ராத்திரி ஆயிற்று. அதை விடுங்கள்.

பிறகு கஸ்பார் அண்ணன். தூத்துக்குடிக்காரர், கடலுக்குள் இறங்கக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். குகைக்குள் இறங்க வெளிநாட்டில் போய்த் தனியாகப் படித்தவர். நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் யாரோ அடிப்பார்கள் என்பது போலப் பேசுவார். போன கோடை விடுமுறை முழுக்க அவரிடம் கற்றுக்கொண்டேன். முதல் நாளே தகராறு. "நீச்சல் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப முதல்ல மிதக்கப் படி," என்றார்.

நீங்களே சொல்லுங்கள். மூழ்கப் போகிறவளுக்கு மிதக்கத் தெரிந்து என்ன ஆக வேண்டும்? நான் கேட்டேன். நேராகவே கேட்டேன். அண்ணே, மிதப்பது வேறு வேலை, மூழ்குவது வேறு வேலை. கப்பலில் வேலை பார்ப்பவனைப் பிடித்து விமானம் ஓட்டத் தெரியுமா என்று கேட்பீர்களா என்றேன். அவர் பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்துத் தின்றுகொண்டே கேட்டார். நான் முடித்ததும், "மேல வரவேண்டாமா?" என்றார். அவ்வளவுதான். இது வாதமா? இது ஒரு கேள்வி. கேள்வியை எல்லாம் வாதம் என்று ஏற்றுக்கொள்ள முடியாது.

சிரிக்காதீர்கள். இன்னும் இருக்கிறது. குளத்தில் மல்லாக்கப் படுத்து அசையாமல் மிதக்க வேண்டும். படுத்தேன். மிதந்தேன். சத்தியமாக மிதந்தேன். மிதந்துகொண்டே, இந்தச் சோதனையில் இருக்கிற அடிப்படைக் குறையை அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது குறைக்கு வருவதற்குள் வாய் நிறையத் தண்ணீர். மூழ்கிவிட்டேன். தூக்கிவிட்டார். மறுபடி படுத்தேன், மறுபடி மூழ்கினேன். மூன்றாவது முறை தூக்கிவிட்டுச் சொன்னார்: "வாய மூடுனா மிதப்ப."

ஒரு பெண்ணைப் பார்த்து ஒரு ஆண் சொல்கிற வாக்கியமா இது? கரையேறிப் படிக்கட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்டேன். இத்தனை காலமாக எங்களை வாயை மூடச் சொன்ன கூட்டத்தில் நீங்களும் ஒருவரா என்று கேட்டேன். சுடலைமணிக்கும் அதையேதான் சொன்னார் என்பது உண்மை. ஆனால் அவன்தான் முதலிலேயே பேசவில்லையே, அதனால் அது கணக்கில் வராது. கஸ்பார் அண்ணன் கடலைத் தோலை ஊதிவிட்டு, "நாளைக்கு வா," என்றார். மறுநாள் அவரோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனேன். போய்த் தண்ணீரில் படுத்தேன். கோபத்தில் அப்படியே கிடந்தேன். காக்காய் பறந்தது, மேகம் போனது, யாரோ விசில் அடித்தார்கள், நான் பேசவே இல்லை. கடைசியில் அவரே குனிந்து, "போதும்ளா, எந்திரி. நேரம் ஆயி ரொம்ப நேரமாச்சு," என்றார். ஆக நான் தேறிவிட்டேன். என் எதிர்ப்பின் காரணமாகவே தேறினேன் என்பதைக் கவனியுங்கள்.

அதன் பிறகு நீந்தவும் படித்தேன். மூழ்கவும் படித்தேன். உங்களிடம் அதைச் சொல்லத்தான் வேண்டும், அக்கா, தண்ணீருக்கு அடியில் முதல் மூச்சு இழுக்கும்போது... உடம்பு வேண்டாம் வேண்டாம் என்கிறது, ஆனால் காற்று வருகிறது! சிலிண்டரிலிருந்து குளிர்ந்த காற்று, புஸ் என்று! நான் தண்ணீருக்குள்ளேயே சிரித்துவிட்டேன். சிரித்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் புகும். புகுந்தது. அதற்கும் திட்டினார்.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, தெரியுமா? எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வெறும் காற்று, அமுக்கி அடைத்த காற்று. அதை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார் கஸ்பார் அண்ணன். மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, மூன்றாவது பங்கைத் தொடவே கூடாது. போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றுதானே, பாதிப் பாதி போதாதா என்றேன். அவர் சொன்னார்: "அந்த மூணாவது பங்கு உனக்கில்ல. கூட வாரவனுக்கு." அதை மட்டும் வாதாடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன், பக்கத்தில் என் பதிலுக்கு இடம் விட்டு.

சரி, இப்போது ஞாயிற்றுக்கிழமைத் திட்டம். இதைக் கேட்டாலே உங்கள் மனசு மாறிவிடும், அவ்வளவு அழகான திட்டம். விடியும் முன்னால் திருநெல்வேலியிலிருந்து வேன். சாயங்காலம் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். ஒரே நாள். நாங்கள் தண்ணீருக்குள் இருக்கப் போவது முக்கால் மணி நேரம்தான், ஆனால் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. இறங்குகிறவர்கள் எண்ணெய்ப் பலகாரம் தின்னக்கூடாது, இட்லிதான் என்றார் கஸ்பார் அண்ணன். "அப்ப பூரி?" என்று கேட்டு சுடலைமணி ஒரு கட்சி ஆரம்பித்தான். வேன் டிரைவர் அதில் சேர்ந்தார். அவர் இறங்கவே போவதில்லை! வேலாயுதம் சார் எதுவானாலும் தயிர்சாதம் இருக்கட்டும் என்றார். மத்தியானத்துக்கு எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு, அவித்த முட்டை. திரும்பி வரும்போது திசையன்விளையில் பரோட்டா. பூரிக் கட்சியைச் சமாதானப்படுத்தத்தான் அந்தப் பரோட்டா. உங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டச் சொல்லியிருந்தேன். கிணற்றுக்காரர்களுக்கு இரண்டு பொட்டலம் என்று என் வாயால் சொன்னேன். அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை நீங்கள் 'கிடையாது' என்கிறீர்கள்.

நாங்கள் யாரிடமும் கேட்காமல் வரவில்லை. தலையாரியிடம் சொன்னோம். பஞ்சாயத்துத் தலைவரிடம் சொன்னோம். காவல் நிலையத்தில் சொன்னோம். தீயணைப்பு நிலையத்தில் போய்ச் சொன்னபோது அங்கே இருந்த ஒருவர், "நாங்களும் வரலாமா?" என்று கேட்டார், பாவம். ஒரு கூட்டத்தில் சுடலைமணிதான் திடீரென்று, "கெணறு யாருது?" என்றான். நான் விடவில்லை. கிணறு என்பது என்ன? ஒரு குழி. குழிக்குள் இருப்பது நிலத்தடி நீர். நிலத்தடி நீர் மேகத்திலிருந்து வருகிறது, மேகம் யாருடைய பட்டா என்று ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் வாதாடி, இந்தக் கிணறு தனி ஒருவருடையதாக இருக்கவே முடியாது என்று நிரூபித்தேன். கைதட்டினார்கள். ஆக, யாரும் உங்களைக் கேட்கவில்லை. அதை எங்கள் தப்பு என்று சொல்ல முடியாது, அக்கா. வாதம் அவ்வளவு பலமாக இருந்தது.

கஸ்பார் அண்ணன்தான் கடைசியில் கேட்டார். "மோட்டார யாரு நிப்பாட்டுவா?"

அதுதான் பிரச்சினை. ஆள் உள்ளே இருக்கும்போது மோட்டார் ஓடக்கூடாது. உறிஞ்சு குழாய் பக்கம் தண்ணீர் இழுக்கும், கலங்கும், கண் தெரியாது. குகைக்குள் கண் தெரியாவிட்டால் விளையாட்டில்லை. மோட்டார் நிற்காவிட்டால் நான் இறங்கமாட்டேன், யாரையும் இறக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் விசாரித்து, மோட்டாருக்குச் சொந்தக்காரர் நீங்கள் என்று கண்டுபிடித்து, வேலாயுதம் சாரை விட்டு நேற்று போன் போடச் சொன்னேன். நானே போட்டிருக்க வேண்டும். அவர் போன் பேசுவதே எப்போது வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டுதான். அரை நிமிடத்தில் வெளியே வந்து, "அந்தம்மா கிடையாதுன்னுட்டாங்க," என்றார். ஏன் என்று கேட்டீர்களா சார்? "கேக்கலம்மா." காரணம் இல்லாத ஒரு 'கிடையாது'! ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. காரணம் சொல்லியிருந்தால் அதை உடைத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள். தெரியும். என்ன, ஞாயிறா? ஞாயிற்றுக்கிழமையில் என்ன? ஆராதனைக்குப் போகாமல் கிணற்றுக்கு வருகிறேன் என்கிறீர்களா? அம்மாவும் அதைத்தான் சொன்னார். ஓய்வு நாளில் கழுதை கிணற்றில் விழுந்தால் தூக்கலாம் என்று வேதத்திலேயே இருக்கிறது, பிறகு நான் இறங்கினால் என்ன என்றேன். "விழுந்தது நீதானா?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். ஆக அது தீர்ந்த விஷயம்.

சாமியா? கிணற்றடியில் அம்மன் பீடம் இருப்பதைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போனேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், அதைச் செய்துவிட்டு இறங்குகிறோம். சுடலைமணி எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறான், நீங்கள் கேட்காமலே. அப்புறம், இதையும் கேட்டுவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு எனக்குப் பேச வராது. கிணற்றுக்குள் யார் யார் இறங்குகிறார்கள், எந்த ஊர், எந்தத் தெரு, அதுவா காரணம்? அதுவாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள். நான் காப்பியை வைத்துவிட்டு வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும். இல்லையா? சரி, சரி, தலையை அவ்வளவு வேகமாக ஆட்டாதீர்கள், சுளுக்கிக்கொள்ளும். நம்புகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்காமல் இருந்திருந்தால்தான் தப்பு.

மறுபடி மெதுவாக என்கிறீர்கள். அக்கா, என் குரலே இவ்வளவுதான். பேச்சுப் போட்டிகளில் எனக்கு மைக் கொடுக்கமாட்டார்கள். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறீர்களே, சுவரிலா பதில் எழுதியிருக்கிறது? என்னைப் பாருங்கள்.

இல்லை, அதைவிட இதைப் பாருங்கள். இதற்காகத்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இதுதான் கண்ணாடி. தண்ணீருக்குள் போடுவது. இப்படி மூக்கையும் சேர்த்து மூடும். பட்டையைப் பின்னால் தள்ளுங்கள், கொண்டை இடிக்கிறது, கொஞ்சம் இறக்குங்கள். ஆ! அய்யோ, உங்களுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! திரும்புங்கள். அங்கே பாருங்கள், தோட்டத்தைப் பாருங்கள். சிரித்தால் கன்னத்தில் இடைவெளி விழும், தண்ணீர் புகும் என்றேனே, சிரிக்காதீர்கள். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்கவே இல்லை. வாயால் மூச்சு விடுங்கள். அப்படித்தான். அப்படியே உட்கார்ந்து கேளுங்கள்.

இந்த ஊரில் எல்லோரும் அந்தக் கிணற்றைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள். நீங்கள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் குனிந்து பார்த்திருப்பீர்கள். உள்ளேயிருந்து நிமிர்ந்து பார்த்தது யார்? ஒருவரும் இல்லை. கஸ்பார் அண்ணன் ஒரு தடவை, அவர் வாழ்க்கையிலேயே நீளமான வாக்கியமாக இருக்கும், சொன்னார்: "உள்ள போயி, வெளிச்சம் தெரியுத வரைக்கும்தான் போவோம், அங்கன நின்னு திரும்பிப் பாரு. வந்த வாசல் நீலமா நிக்கும்." நீலமாக நிற்கும்! சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்த நீலம்தான். பஸ்ஸில் போகும்போது நீலம், பரீட்சை எழுதும்போது நீலம். வெளிச்சம் கண்ணை விட்டு மறைகிற இடத்தைத் தாண்டி ஒரு முழம்கூடப் போகமாட்டோம். இடுப்பில் நூல் கட்டித்தான் போவோம். ஆளுக்கு மூன்று விளக்கு. உங்களுக்கு எந்தக் கெட்ட பெயரும் வராது. உள்ளே என்ன இருக்கிறது என்று படம் பிடித்து, இதே தாழ்வாரத்தில் உட்கார்ந்து முதலில் உங்களுக்குத்தான் காட்டுவேன். உங்கள் கிணறு, நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆமாம், உங்கள் கிணறு. சொல்லிவிட்டேன். மேகத்தைப் பற்றி அன்றைக்கு நான் பேசியதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இன்றைக்கு உங்கள் கிணறு.

ஞாயிறு விட்டால் இல்லை, அக்கா. கஸ்பார் அண்ணன் செவ்வாய்க்கிழமை கப்பல் வேலைக்குப் போகிறார், திரும்பி வர மாதக்கணக்கு. அதற்குள் இங்கே மழை இறங்கிவிடும், வெள்ளம் வந்துவிடும், கிணறு சேறாகக் கலங்கிக் கிடக்கும். தெளிவதற்குள் என் படிப்பு முடிந்துவிடும். அப்புறம் நான் எங்கேயோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, யாரோ ஒருவர் இறங்கிய படத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பேன். தோசையைக் கையில் வைத்துக்கொண்டு. அதை என்னால் தாங்க முடியாது. உண்மையிலேயே முடியாது.

காரணம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நான் உடைக்கமாட்டேன். கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடியைக் கழற்றுங்கள், அதைப் போட்டுக்கொண்டு பேசினால் மூக்கால் பேசுவது போல இருக்கும். சரி. இதோ காப்பியைக் குடிக்கிறேன். குடிக்கிறவரைக்கும் பேசமாட்டேன். சொல்லுங்கள்.

"ஏட்டி, மெதுவாப் பேசு மெதுவாப் பேசுன்னு எத்தன மட்டம் சொல்லுதேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும்லா. கெணறு கெடையாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? ஞாயித்துக்கெழம கெடையாதுன்னேன். மேக்கொண்டு சொல்லதுக்குள்ள ஒங்க சாரு போன வச்சிட்டாரு. அது பங்குக் கெணறுட்டி. எங்களுக்குப் பாதி, எங்க வீட்டுக்காரரு தம்பிக்குப் பாதி. ஒரு நாளு விட்டு ஒரு நாளு தண்ணி மொற. இன்னைக்கு மொற எனக்கு, வார ஞாயித்துக்கெழம அவளுக்கு, கொழுந்தன் பொண்டாட்டி ரஞ்சிதத்துக்கு. வெடியுமுன்ன மோட்டாரப் போட்டான்னா பொழுதடஞ்சுதான் நிப்பாட்டுவா. நிப்பாட்டுன்னு நான் போயிச் சொல்ல முடியாது. எனக்கும் அவளுக்கும் பேச்சு கெடையாது. அது ஆச்சு ரொம்ப வருசம், எதுக்குன்னு இப்பம் கேக்காத. நீ போ. அந்தா தெரியுது பாரு, பச்சக் கதவு. இங்கன பேசுன பேச்ச அப்படியே அங்க போயிப் பேசு, ஒண்ணயும் விடாத, அந்தப் பூரிக் கதயவும் சொல்லு. ஞாயித்துக்கெழமய இங்க விட்டுட்டு சனிக்கெழமய அவ எடுத்துக்கிடட்டும்னு சொல்லு. இந்தா, கண்ணாடியக் கொண்டு போ, போட்டுப் பாக்கக் குடு. அவளுக்கு இந்த மாதிரி சாமானெல்லாம் ரொம்பப் பிடிக்கும். ஆனா ஏட்டி, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத."